பூட்டுத் திறக்கத் தெரிந்தவளுக்குப் பூட்டு எங்கே? – மேசை விளையாட்டு: கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. ஒரு வேலையில் மட்டும் கெட்டிக்காரரான கேரக்டரை உருவாக்கியாயிற்று, அதை வைத்துக்கொண்டு எப்படி விளையாடுவது? அதனால் இம்முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். புதிய வாசகர்களுக்கு இரண்டு வரி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற விளையாட்டுகளில் ஒருவர் கதையை நடத்துவார், அவரை டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள், முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருட்டுவார்கள்.

? அக்கா, என் ரோக் (திருட்டு வேலைகளில் தேர்ந்த பாத்திரம்) பூட்டுத் திறப்பதில் கில்லாடி. மூன்றாம் லெவல். ஆனால் எங்கள் கதை காட்டுக்குள் போய்விட்டது. பல வாரமாக ஒரு பூட்டுகூடக் கண்ணில் படவில்லை. டிஎம் அண்ணாவிடம் சொன்னால் "வரும், வரும்" என்கிறார். வேறு கேரக்டர் போட்டுவிடட்டுமா?
— கல்லூரி மாணவி, கோவை

வேண்டாம்மா, மாற்றாதீர்கள். கேரக்டர் ஷீட்டில் பூட்டுத் திறக்கும் திறமையை எழுதிய அன்றே டிஎம்மிடம் ஒன்று கேட்டுவிட்டீர்கள்: எனக்கு இந்த மாதிரிக் காட்சிகள் கொடுங்கள் என்று. அவர் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். கதை நடத்துகிறவர் தலையில் ஊர்ப் பெயர்கள், அரக்கர்களின் எண்கள், யாருக்கு யார் மேல் கோபம் என்று எவ்வளவோ ஓடிக்கொண்டிருக்கும். எல்லாருடைய ஷீட்டையும் மனப்பாடமாக வைத்திருக்க முடியாது. நினைவூட்டுவது உங்கள் பங்கு.

"எனக்கு ஒரு பூட்டு வையுங்கள்" என்று கேட்டால் அடுத்த வாரம் மரத்தடியில் ஒரு பெட்டி கிடக்கும். திறப்பீர்கள், காசு இருக்கும், முடிந்தது. அதைவிட, உங்கள் ரோக்கின் கண்ணால் அந்தக் காட்டைப் பார்த்துக் கேளுங்கள்: "இங்கே மரம் வெட்டுகிறவர்களுக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள்? அந்தப் பணம் ராத்திரி எங்கே இருக்கும்?" இதற்கு டிஎம் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே ஒரு கங்காணி, ஒரு குடிசை, ஓர் இரும்புப் பெட்டி, அதற்கு ஒரு காவலாள் எல்லாம் கதைக்குள் வந்துவிடுவார்கள்.

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மதியம் நடக்கும் விளையாட்டில் ஒரு தம்பி போலிப் பத்திரம் எழுதுகிறவனாக வந்தார். எந்த ஊருக்குள் நுழைந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "இந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார்?" நான் எழுதி வைத்திராத ஒரு பூசாரி, ஒரு கணக்குப்பிள்ளை, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்து நிலத்தைப் பறிகொடுத்த ஒரு கிழவி, எல்லாரும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவர்கள்தான். கிழவியின் நிலத்தை மீட்பதிலேயே அந்தக் கோடை முழுக்கப் போயிற்று. ஃபைட்டரும் (வாள்வீரர்) விசார்டும் (மந்திரவாதி) அதில் போலிப் பத்திரக்காரனைவிடத் தீவிரமாக இறங்கினார்கள். இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். ஒருவருடைய தனித்திறமை மற்றவர்களுக்கும் வேலை கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவரும் கேரக்டருக்குக் காட்டிலும் வேலை உண்டு, கடலிலும் உண்டு.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் வந்த விதிநூலின்படி சாதாரணப் பூட்டைத் திறக்க 15 வேண்டும். டெக்ஸ்டரிட்டி (கைவேகம்) 16 என்றால் பகடையில் விழும் எண்ணோடு 3 கூட்டிக்கொள்ளலாம். பயிற்சிக்கு 2, எக்ஸ்பெர்டீஸ் (தனித்தேர்ச்சி) இருந்தால் அது இரட்டித்து 4. ஆக மொத்தம் 7. இருபது முகப் பகடையில் 8-ஓ அதற்கு மேலோ விழுந்தால் பூட்டுத் திறக்கும். அதாவது 65 சதவீதம். மூன்று தடவைக்கு ஒரு தடவை தவறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பூட்டு வரும் நாளில் நேரம் பார்த்துப் போங்கள், காவலாளியின் கவனத்தை வேறு பக்கம் திருப்ப ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.

? கிளெரிக் (காயம் ஆற்றும் சாமியார்) இல்லாமல் விளையாடவே முடியாதா? எங்கள் குழுவில் ஒருவரும் வைத்தியம் பார்க்கத் தயாராக இல்லை.
— வாசகர், சேலம்

தாராளமாக முடியும். பார்டும் (பாடகர்) டிரூயிடும் (இயற்கைப் பூசாரி) பாலடினும் (புனித வீரர்) காயம் ஆற்றுவார்கள். 50 பொற்காசுக்கு ஒரு மருந்துக் குப்பி கிடைக்கும், நான்குமுகப் பகடை இரண்டை உருட்டி 2 கூட்டினால் வரும் அளவுக்குக் காயம் ஆறும். சிறு ஓய்வெடுத்தாலே ஓரளவு தேறிவிடலாம்.

கிளெரிக் பிறந்த கதை உங்களுக்குப் பிடிக்கும். டேவ் ஆர்னசன் 'பிளாக்மூர்' என்ற தன் கற்பனை நாட்டில் விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு விளையாட்டாளரின் சர் ஃபேங் என்ற ரத்தக்காட்டேரி யாராலும் சமாளிக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதை எதிர்க்கவே ஒரு சாமியார்ப் பாத்திரம் உருவானது. 1974-இல் ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் விதிநூலை வெளியிட்டபோது இருந்த மூன்று வகைகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது. அந்த மேசைக்கு ஒரு காட்டேரி இருந்தது, அதனால் கிளெரிக் வந்தார். உங்கள் மேசையில் என்ன இருக்கிறது என்று பார்த்து உங்கள் ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

? நான் டிஎம். எங்கள் ரோக் 11-ஆம் லெவலைத் தொட்டுவிட்டார். இப்போது எந்தப் பூட்டிலும் தோற்பதில்லை. பூட்டுத் திறக்கத் தேவையான எண்ணை 30-க்கு ஏற்றிவிடட்டுமா?
— வாசகர், மதுரை

ஏற்றாதீர்கள் சார். இதை மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். 2014 விதிப்படி அந்த லெவலில் ரோக்குக்கு ஒரு வரம் கிடைக்கிறது. பயிற்சி உள்ள வேலையில் பகடை 9-ஓ அதற்குக் கீழோ விழுந்தாலும் 10 என்றே எடுத்துக்கொள்ளலாம். டெக்ஸ்டரிட்டிக்கு 5, இரட்டித்த பயிற்சிக்கு 8, ஆக அவருடைய மிக மோசமான நாளிலும் 23 வரும். சாதாரணப் பூட்டு 15 என்றால் தோல்விக்கு இடமே இல்லை. இந்த வரத்துக்காக அவர் மற்ற வழிகளையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நீங்கள் எல்லாப் பூட்டையும் 30 ஆக்கினால் உலகத்துப் பூட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே இரவில் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்றாகும். அவர் இவ்வளவு காலம் விளையாடிச் சேர்த்தது வீண் என்று நீங்களே அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகவும் ஆகும்.

திறக்கட்டும். "திறக்குமா" என்ற கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிடுங்கள். திறந்த பிறகு என்ன என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் மூன்று பெட்டிகளில் ஒன்றைத் திறக்கத்தான் நேரம் இருக்கிறது, எதை? பூட்டை யாரோ ஏற்கெனவே திறந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள், உங்கள் ஆளுக்கு மட்டும் அந்தக் கீறல் தெரிகிறது. கருவூலத்துக்குள் இருப்பவர் கைதி, வெளியே வர மறுக்கிறார். இங்கெல்லாம் 23 உதவாது, பேச்சும் துணிச்சலும் தேவைப்படும். ரோக் கதவைத் திறந்துவிட்டு மற்றவர்களைத் திரும்பிப் பார்ப்பார். அந்த நொடியை நடத்துவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் தனித்திறமையே காட்சியைத் தின்றுவிடுவதும் உண்டு, அதற்கு விளையாடுகிறவரைக் குறை சொல்லக்கூடாது. அதே 2014 நூலின் ரேஞ்சரை (காட்டு வழிகாட்டி) பாருங்கள். தனக்குப் பழக்கமான நிலப்பரப்பில் அவர் கூட வந்தால் மந்திரத்தால் தவிர வேறு எதனாலும் குழு வழி தவறாது, கரடுமுரடான பாதை பயணத்தைத் தாமதப்படுத்தாது, இரை தேடினால் இரு மடங்கு கிடைக்கும். காட்டில் அலைந்து, பசித்து, வழி கண்டுபிடிக்க ஆசைப்பட்டுத்தான் ஒருவர் ரேஞ்சரைத் தேர்ந்தெடுக்கிறார். விதியோ "வழி தவறவில்லை, பசிக்கவில்லை, வந்து சேர்ந்தீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. 2020-இல் வந்த கூடுதல் நூலில் அதற்கு ஒரு மாற்று கொடுத்தார்கள். என் மேசையில் நான் வேறு ஒன்று செய்கிறேன். ரேஞ்சர் இருந்தால் வழி தவறாது, சரி. வழிகள் மூன்று, மூன்றுமே சரியான வழிகள் என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பதை ரேஞ்சரையே மற்றவர்களுக்கு விளக்கச் சொல்வேன். சதுப்பு வழி இரண்டு நாள் மிச்சம், ஆனால் குதிரைகள் வராது. மேட்டு வழியில் நெருப்பு மூட்டினால் பத்து மைல் தெரியும். பிறகு எல்லாரும் சேர்ந்து சண்டை போட்டு முடிவெடுப்பார்கள்.

? குழுவில் ரோக் இருந்தால் மற்றவர்கள் ஒளிந்து போக முயலவே கூடாதா? "அது ரோக்கின் வேலை" என்று எங்கள் டிஎம் தடுக்கிறார்.
— வாசகி, திருச்சி

இந்தச் சண்டை 1975-இலிருந்தே நடக்கிறது. முதல் விதிநூலில் திருடன் (இன்றைய ரோக்) என்ற வகையே கிடையாது. ஒளிவதும் சுவரேறுவதும் எல்லாரும் செய்ததுதான். அடுத்த ஆண்டு 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூலில் திருடனைச் சேர்த்தார்கள், அவனுடைய திறமைகளுக்குச் சதவீதம் போட்டார்கள். எழுதி வைத்ததும் "அப்படியானால் மற்றவர்களால் முடியாது போலிருக்கிறது" என்று பலர் அர்த்தம் செய்துகொண்டார்கள். அந்தத் திருடனோ பாவம்! 1978 நூலின் அட்டவணையில் முதல் லெவலில் சுவரேற 85 சதவீதம், நிழலில் ஒளிய வெறும் 10.

எல்லாரும் முயலட்டும். இப்போதைய விதியில் குழுவாக உருட்டும்போது பாதிப் பேர் தேறினாலே எல்லாரும் தேறியதாகக் கணக்கு. இரும்புக் கவசத்தோடு கடகடவென்று வரும் பாலடினை ரோக் எப்படி மறைத்துக் கூட்டிப் போனார் என்று ரோக்கையே விவரிக்கச் சொல்லுங்கள். உங்கள் டிஎம் ரோக் மனம் வருந்தக்கூடாது என்று நினைப்பது நல்ல எண்ணம்தான், அதற்கு இந்த வழி பொருத்தம்.

? நாங்கள் சைபர்பங்க் (எதிர்கால நகரத்தில் நடக்கும் விளையாட்டு) பழைய பதிப்பு விளையாடுகிறோம். எங்கள் நெட்ரன்னர் (ஹேக்கர்) கணினிக்குள் நுழைந்துவிட்டால் முக்கால் மணி நேரம் அவரும் நடத்துபவரும் மட்டும்தான். மற்ற மூவரும் போனை எடுத்துவிடுகிறோம்.
— வாசகர், சிங்கப்பூர்

உங்கள் மேசையில் மட்டும் நடப்பதில்லை இது. மைக் பாண்ட்ஸ்மித் 1988-இல் சைபர்பங்கைக் கொண்டுவந்தார், 1989-இல் ஷேடோரன் என்ற இன்னொரு விளையாட்டு வந்தது. இரண்டிலும் ஹேக்கர் தனி வரைபடத்துக்குள் தனி விளையாட்டு விளையாடுவார், மற்றவர்கள் டீ போடப் போவார்கள். 2020-இல் வந்த 'சைபர்பங்க் ரெட்' இதற்கு ஒரு நல்ல பதில் கண்டுபிடித்தது. நெட்ரன்னர் வீட்டில் உட்கார்ந்து ஹேக் செய்ய முடியாது, இணைப்புப் புள்ளியிலிருந்து 6 மீட்டருக்குள் உடலோடு இருந்தாக வேண்டும். அதோடு, மற்றவர்கள் சுடும் அதே சுற்றில்தான் அவருடைய முறையும் வரும். ஒருவர் கண்ணில் கண்ணாடியோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார், தோட்டாக்கள் பறக்கின்றன, அவரை மற்றவர்கள் காக்க வேண்டும். அந்த ஒரே விதியால் எல்லாருடைய காட்சியும் ஒன்றாகிவிட்டது.

பழைய பதிப்பையே வைத்துக்கொண்டும் இதைச் செய்யலாம். நெட்ரன்னரின் காட்சியை வெட்டி வெட்டிக் கொடுக்கும்படி நடத்துபவரிடம் சொல்லுங்கள், அதுவும் சூடான இடத்தில். "தடுப்பு உடைந்தது, உள்ளே ஏதோ உங்களைத் திரும்பிப் பார்க்கிறது" என்றதும் நிறுத்தி, தாழ்வாரத்தில் நிற்பவர் பக்கம் திரும்ப வேண்டும். இன்னொன்று, நான் மிகவும் ரசித்துச் செய்வது: கணினிக்குள் காவல் காக்கும் நிரலை, கையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் விளையாட்டாளரிடம் கொடுத்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கேரக்டரை விளையாடியவர் ஒருவர் அந்தக் காவல் நிரலாகப் பேசிய பேச்சில் நெட்ரன்னர் நிஜமாகவே வியர்த்துப் போனார்.

அரசவையில் பார்ட் மட்டுமே பேசிக்கொண்டிருக்கும் காட்சிக்கும் இதே வைத்தியம்தான்.

? அக்கா, கால் ஆஃப் கத்துலு என்ற திகில் மர்ம விளையாட்டில் என் கேரக்டர் நூலகங்களிலேயே வாழ்கிற பேராசிரியர். நூலகத் தேடலில் 70 வைத்திருக்கிறேன். இதில் நூறுக்குள் உருட்டி, அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழ வேண்டும். முக்கியமான இடத்தில் 91 விழுந்தது. துப்புக் கிடைக்கவில்லை, கதை அங்கேயே நின்றுவிட்டது. அவமானமாக இருந்தது.
— வாசகர், டொராண்டோ

அவமானப்பட உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. சாண்டி பீட்டர்சன் 1981-இல் உருவாக்கிய இந்த விளையாட்டில் நூலகத்தில் தேடுவதே ஒரு வீரச் செயல். நான் இதை நேசிக்க அதுவே முதல் காரணம். ஆனால் கதை நகர ஒரே ஒரு துப்பு இருந்து, அதையும் ஒரே பகடையில் தொங்கவிட்டால் என்றைக்காவது ஒருநாள் இப்படி நின்றுவிடும். இதைத் தீர்க்கவே ராபின் லாஸ் ஒரு முறையை உருவாக்கினார். 2008-இல் கென்னத் ஹைட் எழுதிய 'டிரெயில் ஆஃப் கத்துலு' அதில் அமைந்தது. சரியான திறமை உள்ளவர் சரியான இடத்தில் தேடினால் துப்புக் கிடைத்தே தீரும், பகடையே கிடையாது. அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் ஆட்டம்.

நீங்கள் விளையாடுவது ஏழாம் பதிப்பு என்றால் இன்னொரு வழியும் கையில் உண்டு. தவறிய உருட்டலை இன்னொரு முறை அழுத்திப் பார்க்கலாம், என்ன வித்தியாசமாகச் செய்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு. இரவெல்லாம் உட்கார்ந்து தேடுகிறேன், பூட்டிய அறைக்குள் போகிறேன் என்று. மறுபடி தவறினால் கதை நடத்தும் கீப்பர் கடுமையான விளைவு ஒன்றைத் தருவார்.

எதுவானாலும் நிபுணரை முட்டாளாக்கிக் காட்டக்கூடாது. 70 வைத்திருக்கும் பேராசிரியருக்கு அட்டவணையைப் புரட்டத் தெரியாமல் போகாது. அந்தப் பக்கத்தை யாரோ சவர பிளேடால் அறுத்தெடுத்திருக்கிறார்கள், அதுவும் நேற்றுத்தான், காகிதத் தூள் இன்னும் மேசையில் இருக்கிறது. தவறிய உருட்டலை நான் இப்படித்தான் சொல்வேன். துப்புக் கிடைக்கவில்லை, ஆனால் குழுவில் இருக்கும் துப்பறிவாளருக்கு இப்போது வேலை வந்துவிட்டது.

? நான் வங்கியில் வேலை செய்கிறேன். ராணுவ மருத்துவராக விளையாட ஆசை. மருத்துவம் துளியும் தெரியாது. எடுபடுமா?
— வாசகி, திருநெல்வேலி

எடுபடும். வாள் வீசுகிறவராக விளையாட யாரும் வாள் பயிற்சிக்குப் போவதில்லை. மருந்துப் பெயர்களை உருப்போட வேண்டாம், எண்களை விதி பார்த்துக்கொள்ளும். அந்த வேலையில் இருப்பவர் ஓர் ஆளைப் பார்த்ததும் முதலில் எதைப் பார்ப்பார் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். என் மதினி மயக்க மருந்து டாக்டர். அவரிடம் கேட்டேன். "வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். எவ்வளவு அகலம் திறக்கிறது, கழுத்து எவ்வளவு பின்னால் சாய்கிறது, தாடை எப்படி இருக்கிறது. மூச்சுக் குழாயை உள்ளே விட முடியுமா என்பதுதான் எனக்கு முதல் கவலை. கல்யாண வீட்டில்கூட எதிரே இருப்பவர் கழுத்தைத்தான் கவனிப்பேன்" என்றார். இந்த ஒரு பழக்கத்தை உங்கள் மருத்துவருக்குக் கொடுங்கள். கதையில் வரும் தளபதி, கைதி, ஒற்றன் யாரானாலும் முதலில் அவர் கழுத்தைப் பார்க்கட்டும். டிஎம் "அவன் குரல்வளையில் பழைய தழும்பு" என்று தானாகவே சொல்ல ஆரம்பிப்பார்.

வங்கியைப் பற்றியும் யோசியுங்கள். போலிக் கையெழுத்தைக் கண்டால் உங்கள் கண் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியுமே. அடுத்த கேரக்டருக்கு அது இருக்கிறது.

? ஒரே துறையில் எல்லாவற்றையும் கொட்டிக் கேரக்டர் செய்வது பேராசை என்கிறார் நண்பர். உங்கள் கருத்து?
— வாசகர், சென்னை

எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒன்றையும் விடாமல் ஒன்றில் மட்டும் உச்சம் என்றால் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

1989-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பின் மாயக்காட்சி மந்திரவாதி எனக்கு இன்றும் மிகப் பிரியமானவர். இல்யூஷனிஸ்ட் என்பார்கள். ஒவ்வொரு படியிலும் தன் துறையில் ஒரு மந்திரம் கூடுதல், அவர் காட்டும் மாயையிலிருந்து தப்புவதும் சற்றுக் கடினம். அதற்கு விலையாக மூன்று துறைகள் அவருக்கு அடியோடு கிடையாது: ஆற்றலை வரவழைப்பது, காப்பு மந்திரங்கள், சாவோடு தொடர்புடையவை. புகழ்பெற்ற நெருப்புருண்டை முதல் துறையைச் சேர்ந்தது. ஆயுள் முழுக்க அதை அவர் வீச முடியாது. இப்படி ஒருவரை என் மேசையில் விளையாடிய பெண், பாலத்தில் எதிரிப் படை வந்தபோது பாலம் நடுவில் உடைந்து கிடப்பதாக ஒரு மாயை காட்டினார். குதிரைகள் முரண்டுபிடித்தன. பக்கத்தில் இருந்த ஃபைட்டர் நிலைமையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இப்போதுதான் எங்கள் ஆள் விழுந்தான்" என்று அலறி, ஆற்றைப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டார். நெருப்புருண்டை இருந்திருந்தால் ஒரு உருட்டலில் முடிந்திருக்கும், ஃபைட்டர் அழுதிருக்க மாட்டார். 2014 பதிப்பில் இந்தத் தடைகள் இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான். உங்கள் கேரக்டருக்கு விதி தடை போடாவிட்டால் நீங்களே ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், ஷீட்டில் எழுதி டிஎம்மிடம் காட்டுங்கள்.

? அக்கா, என் கேரக்டர் நிலப்படம் வரைபவர். இப்போது கதை முழுக்க ஒரே நகரத்துக்குள் நடக்கிறது. அவரைக் கொல்ல மனம் வரவில்லை.
— வாசகர், யாழ்ப்பாணம்

எதற்குக் கொல்ல வேண்டும்? 1987-இல் வந்த 'ஆர்ஸ் மேஜிக்கா' என்ற விளையாட்டு மத்தியகால ஐரோப்பாவில் நடப்பது. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதி, ஒரு தோழர், இவர்களோடு எல்லாருக்கும் பொதுவாகச் சில காவலாட்கள் உண்டு. மந்திரவாதி ஒரு பருவம் முழுக்க ஆய்வறையில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் அவரை விளையாடுகிறவர் காவலாளாக ஊர் சுற்றப் போவார். நீங்களும் நகரத்துக்கு ஏற்ற இன்னொருவரைப் போட்டுக்கொள்ளுங்கள். படம் வரைபவர் அதே நகரத்தில் ஒரு கடை வைக்கட்டும், அவர் குரலை டிஎம்மிடம் ஒப்படையுங்கள். நகரத்துச் சாக்கடை வழிகளுக்குப் படம் தேவைப்படும் நாளில் குழு அவர் கடைக்குத்தான் போயாக வேண்டும். என்ன விலை சொல்வார் என்பதை மட்டும் இப்போதே டிஎம்முக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.